கரண்டுக்கீரி

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. "யார்கிட்டயும் பேச மாட்டேங்கிய. எழுதவாவது செய்யுங்க" என்று என் மனைவி உலகம்மாள் எடுத்துக் கையில் கொடுத்தாள். பத்தொன்பது வருடமாக எனக்கு எழுத்து என்றால் துணைமின்நிலையத்துப் பதிவேடுதான். மணி, நிமிடம், எந்த லைன், யார் கேட்டது, கையெழுத்து. அந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி. காலை 10.15க்கு மேட்டுத்தெரு லைனை நிறுத்திக் கொடுத்தேன். கேட்டு வாங்கியவன் லைன்மேன் பால்துரை. ஐஸ் கம்பெனிப் பக்கம் இரண்டு கம்பங்களில் வேலை. 11.10 வாக்கில் இரண்டாவது கம்பத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். லைன் மறுபடி கொடுக்கப்பட்டது மதியம் 2.40. பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பெட்டியை நானும் தூக்கினேன்.

இன்று சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசல் மணியை அடித்தான். அவன் போனதும் அந்த மணியைக் கழற்றிவிட்டேன். சத்தம் அதிகம்.

ஆகஸ்ட் 7, புதன்

வேலைக்குப் போனேன். எல்லா லைனும் ஒழுங்கு. காற்று உண்டு, மழை இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயது. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார்.

"லைன் ஆஃப்லதான இருந்துச்சு?"

"ஆமா சார்."

"நடுவுல சப்ளை குடுக்கலையே?"

"பதிவேட்டுல இருக்கு சார்."

"அப்ப கம்பத்துக்குக் கரண்ட் எங்கேருந்து வந்துச்சு?"

அவரே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தார். "பக்கத்துல ஐஸ் கம்பெனி இருக்கு. ஜெனரேட்டர் வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க சார்."

கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ஜெனரேட்டர் இருப்பது உண்மை. மாற்றும் ஸ்விட்ச் சரியில்லாத இடத்தில் ஜெனரேட்டர் ஓடினால் அந்த மின்சாரம் தலைகீழாக லைனில் ஏறும். கம்பத்தில் இருப்பவனைக் கொல்லும். பல ஊர்களில் நடந்திருக்கிறது. அதையும் அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

ஐஸ் கம்பெனி ஜெனரேட்டருக்குச் சீல் வைத்துவிட்டார்கள். ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்கள். பாமாயில் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச் முடிந்து ஹெப்சி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பால்துரையின் ஒரே மகள். ஏழாம் வகுப்பு. வெள்ளைக் கவுன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பாகிட்ட என் கரண்டுக்கீரி இருந்துச்சு. நீங்க பாத்தியளா?"

"எப்ப குடுத்த?"

"அன்னைக்குக் காலையில. கம்பத்துல ஏறப் போறேன்னாங்க. சட்டப்பையில நாந்தான் வச்சு விட்டேன். ஆஸ்பத்திரியில குடுத்த கவர்ல வாட்ச்சு இருந்துச்சு, செல்லு இருந்துச்சு. அது மட்டும் இல்ல."

"எனக்குத் தெரியலயேம்மா."

"சரி மாமா."

உலகு அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அம்மா தனியாக இருக்கிறாள் என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அந்தக் கரண்டுக்கீரி அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அதைப் பற்றி எழுதிவிடுகிறேன். தெரியாதவர்களுக்கு அது ஒரு சின்ன அட்டை. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவு. பேன்சி ஸ்டோரில் உறையாக விற்கிறார்கள், உள்ளே ஐந்து இருக்கும். எது வரும் என்று பிரிக்கும்வரை தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரு மாயப் பிராணி. நெருப்பு ஆமை, பனி ஆந்தை, மண் பன்றி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு அடி, ஒரு வித்தை. எதிர் எதிரே உட்கார்ந்து ஒன்றை இறக்கி ஒன்றை வீழ்த்த வேண்டும்.

ஹெப்சியிடம் இருந்த மின்சாரப் பிராணிக்கு ஆங்கிலத்தில் வோல்ட்டாரோ என்று பேர் போட்டிருக்கும். மஞ்சள் உடம்பு, நீல வால், முதுகு மயிர் எல்லாம் சிலிர்த்து நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னும். கீரிப்பிள்ளை மாதிரி இருப்பதால் அவள் வைத்த பேர் கரண்டுக்கீரி. ஊரில் வேறு எந்தப் பிள்ளையிடமும் அது இல்லை. அதன் வித்தையை அவள்தான் தமிழில் சொல்லித் தந்தாள்: "இது களத்துல நிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கவங்களுக்குக் கரண்ட் அடிக்காது."

பால்துரை டியூட்டி முடிந்து வருவான். துணைமின்நிலைய வாசலில் வேப்ப மரத்தடியில் மூன்று பேரும் உட்காருவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். விளையாட்டில் பலத்தைக் கூட்டிச் சொல்லிக் கள்ளத்தனம் செய்வான். "கண்ணு தெரியல புள்ள, தொண்ணூறுன்னு நெனச்சிட்டேன்" என்பான். அவள் அவன் கையைப் பிடித்து அட்டையைப் பிடுங்குவாள்.

வெள்ளிக்கிழமை காலை லைனை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து என் மேசையில் வைத்தான். "ஏ, இத பத்திரமா வச்சிரும்வே. மேல ஏறயில விழுந்துட்டுன்னா எம்மவ என்னைக் கொன்னுருவா. சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்."

ஆகஸ்ட் 14, புதன்

மசூது துணைமின்நிலையத்துக்கு வந்தான். ஐஸ் கம்பெனி அவனுடையதுதான். கம்பெனி என்ன கம்பெனி, ஒரு கொட்டகை, குச்சி ஐஸ் அச்சுகள், அவனும் அவன் பெண்டாட்டியும். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே பேசினான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஜெனரேட்டர் ஓடல. டீசலே இல்ல அண்ணாச்சி. கரண்டு வராம ஐஸ் பூரா தண்ணியாப் போச்சு, பிள்ளைய வந்து குடிச்சிட்டுப் போச்சு. ஓடுனா எதுக்கு உருகப்போவுது?"

"இன்ஜினியர்கிட்ட சொல்லு மசூது."

"சொன்னேன். நம்ப மாட்டேங்காவ. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாவல்லா. நாந்தான முதல்ல உங்களுக்கு போன் போட்டேன்? மூங்கில் கம்ப வச்சு அவர வெலக்கி விட்டதும் நாந்தான்."

"பாக்கேன்" என்றேன்.

அவன் கை காட்டினான். உள்ளங்கையில் மூங்கில் சிம்பு குத்திய இடம் பழுத்திருந்தது. மருந்து போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மசூதைக் கைது செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஐஸ் கம்பெனிக் கொட்டகை மேல் யாரோ கல்லெறிந்தார்களாம். ஓடு உடைந்ததாம். நாளை எங்கள் வீட்டு மோட்டாருக்கு வாஷர் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பால்துரையின் மனைவி ரூபாவதி கூப்பிட்டு அனுப்பினாள். உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும். நான் எழுதினேன். 'மின்சாரம் தாக்கி இறந்த' என்ற இடத்தில் பேனா நின்றது. "என்ன அண்ணே, மை தீந்துட்டா?" என்று வேறு பேனா கொண்டுவந்தாள்.

மீன் குழம்பு வைத்திருந்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. "அவிய இருந்தா உங்களச் சாப்பிடாம அனுப்புவாவளா? நீங்க இல்லன்னா இந்த ரெண்டு வாரம் நான் என்ன செஞ்சிருப்பேனோ." சாப்பிட்டேன்.

ஹெப்சி மற்ற அட்டைகளை எல்லாம் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம். கேட்டதற்கு, "சும்மாதான் மாமா" என்றாள். அப்புறம் கேட்டாள். "ஐஸ் மாமா வேணும்னே செஞ்சாவளா?"

"இல்லம்மா. யாரும் வேணும்னு செய்யல."

"அப்ப ஏன் போலீஸ் பிடிச்சிட்டுப் போச்சு?"

ரூபாவதி அவளை உள்ளே போகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பேன்சி ஸ்டோரில் அட்டை உறைகள் வாங்கினேன். வேப்ப மரத்தடியில் பிரித்துப் பார்த்தேன். மண் பன்றி மூன்று முறை வந்தது. அது இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இல்லை. கடைக்காரப் பெண், "யாருக்கு சார், தங்கச்சி பிள்ளைக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கால்சட்டையைத் துவைக்கப் போட்ட உலகு, பையில் கிழிந்த உறைகளைப் பார்த்துவிட்டாள். கொத்தாக என் முன்னால் வைத்தாள். ஹெப்சி தொலைத்ததை வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன் என்றேன். அவள் கண் கலங்கியது. "நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள்.



ஆகஸ்ட் 24, சனி

தென்காசிக்குப் பஸ் ஏறிப் போனேன். பெரிய கடை. முழுப் பெட்டியாக வாங்கிக் கடை வாசலிலேயே பிரித்தேன். கடைசிக்கு முந்திய உறையில் வந்தது. அதே மஞ்சள், அதே நீல வால். புதிது என்பதால் இன்னும் அதிகமாக மின்னியது. பஸ்ஸில் வரும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கொடுத்தேன். அவள் வாங்கி, திருப்பிப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, மூலைகளைத் தடவினாள்.

"இது என்னுது இல்ல மாமா. என்னுதுல இந்த மூல மடிஞ்சிருக்கும். அப்பா மேல உக்காந்துட்டாங்க ஒரு நாளு."

"புதுசுதான். உனக்காக வாங்கினேன்."

"தேடித் தேடி வாங்குனியளா?"

"ஆமா."

என் கையிலேயே அதைத் திருப்பி வைத்தாள். "நீங்களே வச்சிக்கிடுங்க. நாம வெளயாடும்போது உங்களுக்குன்னு ஒண்ணு வேணும்லா? ஒங்ககிட்ட எப்பவும் நல்ல அட்டையே இருக்காது." கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள். "என்னுது அப்பா சட்டையோட கரண்டுல எரிஞ்சு போயிருக்கும் மாமா. முதல்ல அழுகையா வந்துச்சு. இப்ப இல்ல. அது கூட இருந்துச்சுல்லா. அப்பா மேல தனியா இல்லல்லா."

ஆகஸ்ட் 26, திங்கள்

லீவு போட்டேன். எழுதுகிறேன்.

அன்று காலை பத்தரை மணியிலிருந்து ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து போன் மேல் போன். எப்போது கரண்டு வரும், எப்போது வரும். 11.05க்குப் பால்துரை என் செல்லில் கூப்பிட்டான். மேசைப் போனும் அதே நேரம் அடித்தது. ஒரு காதில் அவன், ஒரு காதில் மண்டபக்காரர். அவன் சொன்னது இப்போது முழுதாக நினைவிருக்கிறது. "முதக் கம்பம் முடிஞ்சிட்டு, அடுத்ததுக்குப் போறேன்." அப்போது என் காதில் விழுந்தது "முடிஞ்சிட்டு" மட்டும்தான். "சரி" என்றேன். அடுத்த கம்பத்தில் ஏறுவதற்கு நான் சரி சொன்னதாக அவன் நினைத்திருப்பான்.

வேலை முடிந்தால் லைன்மேன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நான் ஸ்விட்சைப் போட வேண்டும். அது விதி. பல வருடமாக நானும் அவனும் போனிலேயே முடித்துக்கொள்வோம். அவனுக்கு நாலு கிலோமீட்டர் மிச்சம்.

மண்டபக்காரரிடம், "இந்தா, குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு 11.10க்கு ஸ்விட்சைப் போட்டேன். நாலைந்து நொடி இருக்கும். மணி அடித்தது. லைனில் ஏதோ பட்டால் தானாக அணைந்து மணி அடிக்கும். மரக்கிளையாக இருக்கும் என்று நினைத்தேன். மணியை நிறுத்தினேன். அதற்குள் மசூது போன் செய்தான். "அண்ணாச்சி, கம்பத்துல பால்துரை அண்ணன்" என்றான்.

சப்ளை கொடுத்ததையும் அணைந்ததையும் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி. எழுதவில்லை. பேனா கையில் இருந்தது. எழுதவில்லை.

பால்துரையைக் கொன்றது என் கை. மசூதைச் சிறைக்கு அனுப்பியதும் அதே கை. இருபத்து நாலு நாளாக இந்த வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

உலகுவிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கொத்து முழுவதையும் உருவி முடித்தாள். "நாளைக்கு நானும் கூட வாரேன்" என்றாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்ஜினியர் துணைமின்நிலையத்து விருந்தினர் அறையில்தான் தங்கியிருந்தார். போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யோசிச்சுப் பேசுங்க. ரிப்போர்ட் எழுதி முடிச்சாச்சு. உங்க வேலை போகும், கேஸ் வரும்."

"எழுதிக்கிடுங்க சார்."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"பயம் சார்."

அவர் காகிதம் எடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கம் எழுதினேன். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். உலகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாலை நாலரைக்கு அனுப்பினார்கள், கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி.

மற்றவர்கள் சொல்லி ரூபாவதிக்குத் தெரியக்கூடாது. நேராக அங்கே போனோம்.

வாசலில் நின்றே சொன்னேன். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. "நீங்க என்ன சொல்லுதிய அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை அண்ணே என்று கேட்கவில்லை. "பெட்டிய தூக்குனீரே" என்றாள். "என் சோத்தத் தின்னீரே. மனு எழுதிக் குடுத்தீரே." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் என்னால் நின்றுகொண்டிருக்க முடிந்திருக்கும். கீழே உட்கார்ந்துவிட்டேன்.

ஹெப்சி கதவருகே வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மூலை மடிந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

வாங்கினாள். மூலையைப் பார்த்தாள்.

"இது உங்ககிட்டயா இருந்துச்சு?"

"அன்னைக்குக் காலையில குடுத்துட்டுப் போனான். விழுந்துரும்னு. சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்னு சொன்னான்."

மடிந்த மூலையை விரலால் நிமிர்த்தினாள்.

"அப்ப அப்பா தனியாதான் இருந்தாங்களா மாமா?"

"ஆமாம்மா."

ரூபாவதி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு வந்தது. சாவிகளை ஒப்படைத்தேன். பதினொன்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

மசூது வெளியே வந்துவிட்டான். அவன் கொட்டகைக்குப் போனேன். உடைந்த ஓட்டுக்குப் பதில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"பதினெட்டு நாளு அண்ணாச்சி. எங்க தெருவுல ஒரு ஆளும் எம்பொண்டாட்டியத் தண்ணி பிடிக்க விடல. நான் உங்ககிட்ட வந்து கையக் காட்டுனேன். நீங்க மருந்து போடச் சொன்னிய."

மன்னிப்புக் கேட்டேன். கயிற்றை எடுத்துத் தரச் சொன்னான். தந்தேன். தார்ப்பாய் முழுவதும் கட்டி முடியும்வரை கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும், "போயிட்டு வாங்க" என்றான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

குற்றப்பத்திரிகை வரும் என்றார் வக்கீல். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். பால்துரைதான் தப்பான தகவல் தந்தான் என்று சொன்னால் வழக்கு நிற்காது, யோசியுங்கள் என்றார். உலகு அவரிடம், "காப்பி ஆறிப்போவுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

ரூபாவதி நாசரேத்திலுள்ள தன் அண்ணன் வீட்டோடு போகிறாளாம். காலையில் அவர்கள் வாசலில் சின்ன லாரி நின்றது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். கட்டில், பீரோ, ஹெப்சியின் சைக்கிள், பால்துரை கம்பத்தில் ஏறும் கயிறும் பெல்ட்டும் போட்டுவைத்த தகரப் பெட்டி. எல்லாம் ஏறின. ஹெப்சி ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

உலகு புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. ரூபாவதி தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். பிறகு லாரி கிளம்பிவிட்டது.

உலகு வெறுங்கையோடு வந்தாள்.

"வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா."

"பிள்ள என்ன செஞ்சா?"

"எங்கிட்ட முத்தம் குடுத்தா."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"என்னயக் கேட்டாளா?"

உலகு என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

"இல்லங்க" என்றாள்.